ராசனை எழுப்பிய குரல்

மூதூரிலிருந்து அழைப்பு வந்தபோது மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். "நாதன், ராத்தா மௌத்தாகிட்டா" என்றார் டொக்டர் றிஸ்வானாவின் தம்பி. அவருடைய அக்கா, எங்கள் டொக்டர், போய்விட்டார். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

நோயாளியின் தலையில் வயர்களை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்வது என் தொழில். அந்தக் கோடுகளைப் படித்துச் சொல்வது டொக்டரின் வேலை. நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு என்பது அவரைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும். இயந்திரத்தைக் கொரோனா வார்டுக்குள் கொண்டுபோக ஏலாது என்று நான் அடம்பிடித்தபோது, "ஏலாதெண்டு கடைசியாச் சொல்லுங்க. முதல்ல வயர ஒட்டுங்க" என்றார். தலை முதல் கால் வரை மூடிய பாதுகாப்பு உடுப்பில் வியர்த்து வடிந்தபடி இருவரும் உள்ளே போனோம்.

கட்டிலில் திரியாய் என்ற ஊர் மீனவர் ஒருவர். நுரையீரல் தேறிவிட்டது, மயக்க மருந்தையும் நிறுத்தியாயிற்று. ஆனால் மனிதர் கண் திறக்கவில்லை. இனி எழும்ப மாட்டார், வீட்டாரிடம் சொல்லிவிடலாம் என்று வார்டில் கதை தொடங்கியிருந்தது. மூளைக்குக் கேட்கிறதென்றால், பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அலைகள் மாறும். "கனகசபாபதி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கோடுகள் அப்படியே ஓடின.

டொக்டர் விடவில்லை. மனைவிக்கு அழைப்பெடுத்து, "வீட்டுல அவர என்னெண்டு கூப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"ஐயோ டொக்டர், அந்தப் பேர் அடையாள அட்டையிலை மட்டும்தான். ஊரிலை ராசன் எண்டால்தான் தெரியும்."

எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் வீட்டுப் பெயர் இல்லை? எனக்கே இரண்டு உண்டு. இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே!

டொக்டர் காதருகில் குனிந்தார். "ராசண்ணே, எழும்புங்க! தோணி போகுது!"

திரையில் கோடுகள் சட்டென்று மாறின. "ஆள் உள்ளுக்கதான் இருக்கார், பாத்தீங்களா!" என்று என் முதுகில் ஓர் அடி போட்டார். வீட்டாருக்குச் சொல்லவிருந்த செய்தி அன்றே மாறியது. ராசன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, தன் காலால் நடந்தே வீடு போனார்.

டொக்டரின் அடக்கத்துக்கு அவரும் வந்திருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு தம்பியிடம், "டொக்டரை வீட்டிலை என்னெண்டு கூப்பிடுறவை?" என்று கேட்டார்.

"உம்மா கிளியெண்டுதான் கூப்பிடுவா."

ராசன் கபுறின் மண்மேட்டைப் பார்த்து, "கிளியம்மா, நான் ராசன் வந்தனான்" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அவரோடு வேலை செய்தவன் என்று எங்கேயும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். வீட்டுப் பெயரைக் கேட்காமல் இப்போது நான் ஒரு வயரையும் ஒட்டுவதில்லை. நேற்றும் ஒருவரின் வீட்டாரிடம் கேட்டேன், அந்தப் பெயரால் கூப்பிட்டேன். கோடு அசைந்தது.