சின்ன மாத்திரையும் என் மொழிபெயர்ப்பும்

தாதியர் படிப்பின் மூன்றாம் வருடத்தில், மருத்துவ மாணவர்கள், மருந்தாளர் மாணவர்களோடு எங்களையும் கலந்து, மூன்று மூன்று பேராக வீடுகளுக்கு அனுப்பினார்கள். எங்களுக்குக் கிடைத்தது புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மருத்துவ மாணவனும் மருந்தாளர் மாணவியும் சிங்களப் பிள்ளைகள். நான் தோட்டத்துப் பிள்ளை. மொழிபெயர்க்கும் வேலையை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். தலைக்கனம்தான்.

லயத்து வரிசை வீடு ஒன்றில், கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா. மருந்து எடுத்தும் பிரஷர் இறங்கவில்லை. ஏன் என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். முன்பு ஒரு தடவை மருந்தைக் கூட்டியபோது மலையில் தலைசுற்றி விழுந்திருந்தார். இன்னொரு தரம் விழுந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

ஒரே அறைக்குள் மூன்று படிப்பும் மூன்று பக்கம் பார்த்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மருத்துவ மாணவன் அக்காவின் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினான். மருந்தாளர் மாணவி மருந்துப் பைகளைக் கொட்டிக் கிளறினாள். நான் உப்பு அதிகமோ என்று கருவாட்டுச் சட்டியை எட்டிப் பார்த்தேன்.

"மாத்திர ஒழுங்கா போடுறீங்களாக்கா?"

"வேலைக்குப் போற நாள்ல அந்தச் சின்னத மட்டும் போடமாட்டேன் புள்ள. அடிக்கடி ஒண்ணுக்கு வரும். மலையில கக்கூசா கட்டி வச்சிருக்கு?"

இதைப் போய் இந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது? எங்கள் சனத்தைப் பற்றி என்ன நினைப்பான்? வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஒழுங்காகப் போடுகிறாராம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன்.

"அப்படியென்றால் மருந்தைக் கூட்டச் சொல்லி எழுதுவோம்" என்றான்.

கூட்டினால் அக்கா மறுபடி மலையில் விழலாம். மருந்தாளர் மாணவி மட்டும் விடவில்லை. ஒரு பையைத் தூக்கிக் காட்டி, "சின்ன மாத்திரை மட்டும் ஏன் இவ்வளவு மிச்சம்?" என்று என்னைக் கேட்டாள்.

பதில் அக்காவிடமிருந்து வந்தது, என்னுடையதைவிடச் சரளமான சிங்களத்தில். மலை, கக்கூஸ், ஒன்றையும் விடவில்லை. மாணவன் சிரிக்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டு, வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டான். வீட்டுக்கு வந்தபின் அந்த மாத்திரையைப் போடலாமா என்று கிளினிக் டாக்டரிடம் கேட்பதாக முடிவாயிற்று.

புறப்படும்போது அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "சிங்களம் தெரியும்னு ஏன்க்கா மொதல்லயே சொல்லல?"

"நீ மாத்திச் சொன்னது அப்பவே வெளங்கிச்சு. நம்ம புள்ள வெக்கப்படுதேன்னு விட்டுட்டேன். ஆனா வேல போனா எனக்குத்தானே புள்ள போவும்?"