அந்தச் சட்டையில் இருந்தது ரத்தமில்லை

சலவைக்கூடத்தில் அவளைக் கறை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. நான்கு ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் மேசைத் துணிகளும், வசதிப்பட்டவர்கள் வீட்டுக் கோட்டுகளும் அங்கே வந்து குவியும். அதில் கறை பட்டவை மட்டும் தனிக் கூடையில் அவளிடம் போகும். ஜன்னலை ஒட்டி அவள் மேசை. மேலே இருந்த குழல் விளக்கை அவள் போடுவதே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும் என்பாள். ஐந்து மருந்துப் புட்டிகள், மெல்லிய மயிர்த் தூரிகை இரண்டு, ஒரு கட்டு வெள்ளைத் துணிக் கிழிசல், இவைதான் பத்தொன்பது வருஷமாக அவள் சொத்து.

வேலை இரண்டு பங்கு. இது என்ன கறை என்று சொல்ல வேண்டும். பிறகு அதை எடுக்க வேண்டும். முதல் பங்கு தப்பினால் இரண்டாவது பங்கே இல்லை. தேநீருக்கு வெந்நீர், ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். மாற்றி ஊற்றினால் துணி கிழிந்தாலும் கிழியும், கறை போகாது.

கண் வேலை பார்ப்பவர்களுக்குக் கண்ணை மூடி வைக்கத் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் அவள் பார்வை முதலில் சட்டைக் காலரில் விழும், அப்புறம்தான் முகத்துக்கு ஏறும். காலையில் என்ன சாப்பிட்டார், எங்கே சாய்ந்து நின்றார், வீட்டில் யாரோடு மனஸ்தாபம் என்பது வரை சொல்லிவிடுவாள். அதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை யாரும் சரிபார்த்ததில்லை.

போன மாதம் ஒன்றைச் சரிபார்க்க நேர்ந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் வெளிர்மஞ்சள் கோட்டு வந்தது. மார்பில் பழுப்புக் கறை. கோட்டுப் பையில் உறிஞ்சுகுழல் ஒன்று. "பழரசம்" என்று சொல்லி, பழக்கறை மருந்தைத் தடவி நீராவி காட்டினாள். கறை துணியோடு ஒட்டி, சாகும்வரை போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. கோட்டை வாங்க வந்த அம்மா சொன்னாள்: "பிள்ளைக்கு மூக்கில ரத்தம் வந்துச்சுங்க. சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்."

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை பிரஸ் மேசைக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லம்மா" என்றார்.

இஸ்திரி போடுவது கேவலமான வேலை ஒன்றுமில்லை. அவளுடைய நாத்தனாரே, புருஷனின் தங்கை, அங்கேதான் பதினோரு வருஷமாக நிற்கிறாள். ஆனால் பிரஸ் மேசையில் நிற்பவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கறை மேசைக்கு நாளைக்கு இருபது பேர் வந்து, "அக்கா, இது என்ன?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இல்லாத ஒரு நாளை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்த நிலையில்தான் வியாழக்கிழமைத் தொடர் வந்து சேர்ந்தது.

ஒரு பெரிய வீடு. அங்கே இருந்த பியானோ வாத்தியாரைக் காணவில்லை. ஒரு பெட்டிக்குள் அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும் ரத்தக் கறையோடு கிடைக்கிறது. மனைவி, தம்பி, டாக்டர், தோட்டக்காரர் என்று நாலு பேர் மேல் சந்தேகம். வியாழன் மாலை ஏழரைக்கு ஊரே அதைப் பார்த்தது. கறை அக்காவின் புருஷன் முதல் விளம்பரத்தில் தூங்கி, கடைசிப் பாட்டில் விழித்து, "யாரு செத்தது?" என்று கேட்பார். "இன்னும் தெரியல" என்பாள். "அப்ப நான் எதையும் விடல" என்று படுக்கப் போவார்.

உண்மையான தொடர் வெள்ளிக்கிழமை மதியம்தான். விரிப்பு மடிக்கும் நீளமேசையில் டிபன் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தனை பேரும் துப்பறிவார்கள். வேன் டிரைவருக்கு வாரத்துக்கு ஒரு கொலைகாரன்.

"டாக்டர்தான்கா. பாத்தீங்களா, அடிக்கடி கை கழுவறான்."

"டாக்டர் கை கழுவாம உன்னை மாதிரி ஸ்டியரிங்ல தொடைச்சுக்குவானா?" என்றாள் நாத்தனார். "பொண்டாட்டிதான் கொன்னா. எழுதி வெச்சுக்கோ."

"எப்படிச் சொல்றீங்க?"

"மூணு வாரமா அழறா, ஒரு தடவை மூக்கு சிந்தினாளா? நிசமா அழுதா கண்ணை விட மூக்குதான் அதிகம் அழும். அண்ணி, நீங்க சொல்லுங்க."

கறை அக்கா மென்றதை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "அது ரத்தமே இல்ல."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"ரெண்டாவது வாரம் அந்தச் சட்டையைக் காட்டினான். நேத்து போலீஸ் உறையைப் பிரிச்சு மறுபடியும் காட்டினான். கதைப்படி நடுவுல இருபது நாள். அதே செக்கச்செவேல். ரத்தம் சிவப்பா இருக்கிறது வந்த அன்னிக்கு மட்டும்தான். மறுநாளே பழுப்பாயிடும், ஓரம் கறுத்துப்போகும். இது ஏதோ சாயம். அப்படின்னா வாத்தியார் சாகல. தானே சாயத்தை ஊத்தி வெச்சுட்டு எங்கேயோ உக்காந்திருக்கார்."

டிரைவர் டப்பா மூடியைத் தட்டி ஆரவாரம் செய்தான். கையில் தேநீரோடு நின்றிருந்த மேனேஜர் சிரித்தார். "போன மாசம் ரத்தத்தைப் பழரசம்னு சொன்னீங்க. இப்ப ரத்தத்தை ரத்தமில்லைங்கிறீங்க. சரி, பாத்துடலாம். வாத்தியார் உயிரோட வந்தா உங்க கண்ணு கண்ணுதான். வரலேன்னா, தொடர் முடிஞ்ச மறுநாள் பட்டியல்ல பிரஸ் மேசை."

எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் மேலே இருப்பவன் விளையாட்டாகச் சொல்வதைக் கீழே இருப்பவன் விளையாட்டாகக் கேட்க முடிவதில்லை. அடுத்த வாரத்துக்கு யார் எந்த மேசை என்ற பட்டியல் ஒவ்வொரு வெள்ளியும் நாலு மணிக்குச் சுவரில் ஒட்டப்படும். அன்று முதல் அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அதற்கப்புறம் தொடரை அவள் ரசித்துப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. தேடிப் பார்த்தாள். தேடுபவனுக்குக் கிடைக்காமல் போவது அபூர்வம். அதுதான் தேடுவதில் உள்ள ஆபத்து. மனைவி இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினாளா? வாத்தியாருக்குத்தான். தோட்டக்காரர் கொட்டகையைப் பூட்டினாரா? உள்ளே அவர்தான். மாடியில் ஜன்னல் திரை ஆடினால் கூடக் கணக்கு சேர்ந்தது. சலவைக்கூடத்தில் முக்கால்வாசிப் பேர் அவள் கட்சிக்கு வந்துவிட்டார்கள். நாத்தனார் மட்டும் அசையவில்லை.

"திரை காத்துல ஆடும் அண்ணி. மூக்கு காத்துல சிந்தாது."

பன்னிரண்டாவது வாரம் தொடர் முடிந்தது. வாத்தியார் வந்தார், தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் அடியிலிருந்து, நாலு பேர் தூக்கி. கொன்றது மனைவி. விலங்கு பூட்டும்போது அவள் முதல்முறையாக நிஜமாக அழுதாள், மூக்கும் சிந்தினாள். சட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கறை அக்காவின் புருஷன் விழித்து, "யாரு செத்தது?" என்றார்.

"நான்தான்" என்றாள்.

மறுநாள் காலை நாத்தனார் பிரஸ் மேசைக்குப் பின்னால் ராணி மாதிரி நின்றாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் மூக்கைத் தொட்டு அவளுக்கு சலாம் போட்டார்கள்.

"என்னக்கா, எங்களையெல்லாம் நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே" என்றான் டிரைவர். "திரை ஆடினதுக்குக் கூட நான் வீட்டில சத்தியம் பண்ணினேன்."

"அப்ப அந்தச் சட்டை?" என்று கேட்டாள் கறை அக்கா. "அது என்ன கறைன்னு கடைசி வரைக்கும் சொல்லலியே."

"அது சும்மா சாயம்கா. கேமராவுக்கு சிவப்பாத் தெரியணும்னு கலக்கி ஊத்தியிருப்பாங்க. ரத்தம் பழுப்பாகும்னு அவங்களுக்கு என்ன தெரியும்? அவங்க சலவைக்கூடத்திலயா வேலை பாத்தாங்க?"

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "அட, அப்படிப் பாத்தா அண்ணி சொன்னது சரிதானேடா. ரத்தமில்லைன்னாங்க. ரத்தமில்ல. அவர் உயிரோட இருக்கார்ன்னதுதான் தப்பு. அதை அந்தச் சட்டையா சொல்லிச்சு?"

ஜெயித்தவள் வாயிலிருந்து வந்ததால் அது வெறும் ஆறுதல் வார்த்தையாகப் படவில்லை. கறை அக்கா தன் மேசைக்குப் போனாள். கோட்டு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தக் கறையை அவள் பார்க்கவே இல்லை. உறிஞ்சுகுழலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பழரசத்தைப் பார்த்தாள். கறை, தான் யார் என்பதைக் காட்டியபடியே, பழுப்பாக அங்கே இருந்தது.

பத்தரை மணிக்கு மேனேஜர் ஒரு சாம்பல் நிறக் கவுனைக் கொண்டுவந்து போட்டார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலக் கறை. 'தேநீர்' என்று எழுதிய சீட்டு ஊசியில் தொங்கியது. "அவசரமாம். தேநீர்னு அவங்களே எழுதிட்டாங்க, யோசிக்க ஒண்ணுமில்ல. பட்டியல் ஒட்டறதுக்குள்ள முடிச்சுடுங்க" என்றார். பட்டியல் என்ற சொல்லை அவர் அழுத்தவில்லை. அவளுக்கு அழுத்திக் கேட்டது.

வெந்நீர்க் கெண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் சீட்டைக் கழற்றிக் குப்புறப் போட்டாள். கவுனின் பைக்குள் கை விடவில்லை. கறையின் ஓரத்தில் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் விட்டு, வெள்ளைக் கிழிசலை வைத்து அழுத்தி எடுத்தாள். வெளிர்மஞ்சள். தேநீர்தான். ஒரு விரல் தள்ளி இன்னொரு சொட்டு. வெளிர்மஞ்சள். கறைக்கு நடுவில் மூன்றாவது சொட்டு விட்டு எடுத்தபோது கிழிசலில் செம்பழுப்பாக ஒரு பொட்டு இறங்கியிருந்தது. ஜன்னல் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். இன்னொரு கிழிசலை எடுத்து மறுபடியும் செய்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. மூன்றரைக்கு மேனேஜர் வந்தபோது கவுன் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரம் இருந்தது, கறை இல்லை.

"ரெண்டு கறை" என்றாள். "மேல தேநீர். அடியில, நடுவுல மட்டும் ரத்தம். முதல்லயே வெந்நீர் விட்டிருந்தா தேநீர் போயிருக்கும், ரத்தம் தங்கியிருக்கும்." இரண்டு கிழிசல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வியாழக்கிழமை வந்திருந்தது. "ரத்தமா? கோப்பை உடைஞ்சு கையைக் கிழிச்சிருக்குமோ?"

"அது எனக்குத் தெரியாது."

"இல்ல, ஒரு யூகத்துக்கு..."

"ரத்தம்னு தெரியும். அதுக்கு மேல துணியில ஒண்ணும் இல்லங்க."

அவர் கவுனை எடுத்துக்கொண்டு போனார். நாலு மணிக்குப் பட்டியல் ஒட்டப்பட்டது. கறை மேசைக்கு நேரே அவள் பேர், பதிவேட்டில் உள்ள பேர், இருந்தது. தொடர் பந்தயத்தைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

கவுனைச் சுற்றி மட்டும் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"கோப்பை உடைஞ்சதெல்லாம் இல்ல" என்றான் டிரைவர். "ரத்தம் அடியில இருக்கு, தேநீர் மேல. அதை மறைக்கத்தான் தேநீரை ஊத்தியிருக்காங்க. இது புருஷன் வேலை."

"அந்தம்மா துணி குடுக்க வந்தப்ப நான் பாத்தேன்" என்றாள் நாத்தனார். "மூக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அண்ணி, வந்து பாருங்களேன்!"

"நான் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கறை அக்கா அடுத்த துணியைக் கூடையிலிருந்து எடுத்து, சீட்டைக் கழற்றினாள்.