பீட்டரின் சைக்கிளில் காற்று இறக்கிய மத்தியானம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால், பஞ்சர் ஒட்ட வந்தீரா, கதை அளக்க வந்தீரா என்று கேட்கிற ஆள் நான். கொடைக்கானல் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். கண்ணால் பார்த்ததையே தொட்டுப் பார்த்துத்தான் நம்புவேன். இதையும் தொட்டுப் பார்த்தேன், அதுதான் வினை.

ஐம்பதுகளின் கடைசி. பீட்டர் என்ற வெள்ளைக்கார வாலிபர், சைக்கிளிலேயே தேசம் தேசமாகச் சுற்றியவர். மலைக்குக் கீழே இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்கு ஒற்றையடிப் பாதைதான் என்பதால் சைக்கிளை என் கடையில் விட்டுவிட்டு நடந்து இறங்கினார். ஊர் போய்ச் சேரவில்லை. எட்டு நாள் தேடிவிட்டுக் கைவிட்டார்கள். சைக்கிளையாவது அனுப்பிவையுங்கள் என்று அவருடைய அம்மாவிடமிருந்து தந்தி வந்தது. அவர் தங்கியிருந்த விடுதியின் வார்டன் ஓடி வந்தார்.

"பாய், வெரசா கட்டிக் குடுங்க. மூணு மணிக்கு ஜீப் மதுரைக்கு எறங்குது, நாளைக்கு வெள்ளனே பிளேன். டயர்ல காத்து இருக்கக் கூடாதாம், மேல போனா வெடிச்சிருமாம்."

பெடலைக் கழற்றினேன். ஹேண்டிலைத் திருப்பி வைத்தேன். பின் டயரில் காற்று ஒழுங்காக இறங்கியது. முன் டயரையும் இறக்கிவிட்டு, பெட்டிக்குள் வைக்கோல் பரப்பித் திரும்பினால், சொன்னால் நம்ப மாட்டீர்கள், டயர் கல்லு மாதிரி நிற்கிறது. பம்ப் சுவரில் தொங்குகிறது. மறுபடி இறக்கினேன். வார்டன் வந்து அமுக்கிப் பார்த்தார்.

"என்ன பாய், இன்னும் காத்தே எறக்கலையா?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வால்வையே பிடுங்கி, டயர்மேல் முழங்காலை வைத்து, கடைசிச் சொட்டுக் காற்று வரைக்கும் அழுத்தினேன். வெகுநேரம் வந்தது. பிறகு ஏறவில்லை. ஆணி அடித்து அனுப்பிவிட்டேன்.

பொழுது சாயும்போது வெள்ளகவி ஆட்கள் பீட்டரை டோலியில் தூக்கி வந்தார்கள், பிணமாக. ஓடைப் பள்ளத்தில் கால் ஒடிந்து கிடந்திருக்கிறார்.

"காலையில நாங்க பாக்குறப்ப உசுரு இருந்துச்சுங்க. தண்ணிகூடக் குடிச்சாரு. உச்சி சாஞ்சதும் ரெண்டு தடவை மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. மூணாவது தடவை வரலைங்க" என்றார் ஒருவர்.

அந்த அம்மாவுக்கு நான் என்ன எழுதுவேன்? யாரிடமும் சொல்லவில்லை. நானா செய்தேன் என்று அல்லாவிடம் மட்டும் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

டயர்க் காற்று எப்போதும் விரலில் ஜில்லென்றுதான் படும். இன்றும் ஒவ்வொரு டயரிலும் விரல் வைத்துப் பார்க்கிறேன், ஜில்லென்றுதான் வருகிறது. அந்த மூன்றாவது தடவை மட்டும் வெதுவெதுப்பாக வந்தது.