சாம்பல் பெட்டையைப் பறக்கவிட்ட காலை

எங்கள் மொட்டை மாடியில் இரண்டு கூண்டுகள் இருக்கின்றன. ஒன்றில் குஞ்சு பொரிக்கிற ஜோடிகள். அவை வானத்தைக் கம்பி வலை வழியாகத்தான் பார்க்கும். இன்னொன்றில் பறக்கிறவை. காலையில் கதவைத் திறந்தால் கூட்டமாக எழும்பி வீட்டுக்கு மேலே வட்டமடிக்கும். சட்டென்று ஒன்று பின்பக்கமாகக் குட்டிக்கர்ணம் அடித்துக்கொண்டே கீழே இறங்கி, பாதியில் நிறுத்தி, மறுபடி கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். கர்ணப் புறா வளர்க்கிறவன் இந்த ஒரு காட்சிக்காகத்தான் மற்ற எல்லா அவதியும் படுகிறான். எந்தப் புறாவை எந்தக் கூண்டில் வைப்பது என்று யோசித்தே எனக்குப் பாதித் தலைமுடி கொட்டிவிட்டது. மீதி கொட்டியது லாட்ஜில்.

லாட்ஜ் திருச்சானூரில். தாயார் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுப்பதும், வெந்நீர் வரவில்லை என்று தெலுங்கிலும் தமிழிலும் திட்டு வாங்குவதும் என் வேலை. ஷிஃப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு வீடு வந்தால் புறாக்கள் பசியோடு காத்திருக்கும். முழங்கால் இரண்டும் மாடிப்படியைப் பார்த்ததுமே முனக ஆரம்பிக்கும். நான் ஏறிவிடுவேன். வேறென்ன செய்வது?

நல்ல புறாவைப் பறக்கவிட்டால் மலைப்பக்கமிருந்து வருகிற வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விடும். அதுவும் பார்த்துப் பார்த்து நல்லதைத்தான் எடுக்கும். கர்ணம் அடித்துக் கூட்டத்தை விட்டுத் தனியாகக் கீழே வருவது நல்ல புறாதானே. சரி, பூட்டி வைத்து முட்டைக்கு விடலாம் என்றால் அதன் யோக்கியதை என்ன என்று தெரியாமலே போகும். சின்ன வயதில் அழகாக அடிக்கிற புறா, வயது ஏற ஏற நிறுத்தத் தெரியாமல் தரை வரைக்கும் உருண்டு வந்து செத்துப்போவதும் உண்டு. அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு பனிக்காலம் பறந்து பிழைத்த புறாவைத்தான் ஜோடி போடுவது. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், என் மச்சானுக்கும் தெரியும்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சூளூர்பேட்டையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து வந்துவிடுவான், அக்காவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு. வந்ததும் நேரே மாடிக்குத்தான் போவான்.

பறக்கும் கூண்டில் இருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டை அடித்த முதல் கர்ணத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். நூல் உருண்டை ஒன்று மேலேயிருந்து நேராக விழுந்தது போல இருந்தது. மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, இத்த வெளிய வுட்டுக்கினு இருந்தா ஒருநாள் வல்லூறு துன்னுட்டுப் பூடும். உள்ள போட்டுடலாம்."

"ரெண்டு பனி பறக்கணுமேடா."

"பனி வர்றதுக்குள்ள பெட்ட போயிட்டா இன்னா பண்ணுவ?"

நான் அதிகம் வாதாடவில்லை. பெட்டையை எங்கள் சிவப்புச் சேவலோடு ஜோடி போட்டோம். சேவல் ஆழமாக, வெகு தூரம் கீழே வரைக்கும் உருளக்கூடியது. பல பனிக்காலம் தாண்டியும் ஒருமுறைகூடத் தரை தொட்டதில்லை. ஆழத்தோடு ஆழம் சேர்ந்தால் ஊரே பார்க்கும் என்று இரண்டு பேரும் நம்பினோம். பெட்டை போட்ட முட்டைகளை எடுத்துச் சாதாப் புறாக்களின் அடியில் வைத்தோம். அவை அடைகாத்துக்கொள்ளும், சாம்பல் பெட்டை மறுபடி முட்டையிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பறக்கும் கூண்டு முழுக்க அதன் பிள்ளைகள் ஆகிவிட்டன. பழைய புறாக்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டோம்.

அடுத்த வருஷம் பிள்ளைகள் விழ ஆரம்பித்தன.

முதலில் ஒன்று தண்ணீர்த் தொட்டி விளிம்பில் மோதியது. அடுத்தது துணி காயும் கயிற்றில் சிக்கி இறக்கை ஒடிந்தது. அழகாகத்தான் ஆரம்பிக்கும், ஆனால் நிறுத்தாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் செத்த குஞ்சை முறத்தில் எடுத்து வந்து, "அன்னா, மீ பாவுரம் மா மேட மீத படிந்தி" என்றார். எங்கள் புறா அவர் மாடியில் விழுந்துவிட்டதாம். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பாவமாகச் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

"போதுங்க," என்றாள் மனைவி. "சாவறதப் பாக்கறதுக்கா தீனி போட்டு வளக்கறீங்க? கலச்சிடுங்க."

மச்சான் பெட்டையைத்தான் குற்றம் சொன்னான். "பாதியிலயே உள்ள போட்டுட்டோம் மாமா. வெளிய இருந்திருந்தா அதுவும் இப்டித்தான் தரையத் தேடிக்கினு வந்திருக்கும். நாமதான் பாக்கல."

அப்படியென்றால் எங்களிடம் இருக்கிற இனம் முழுக்க அழுகல். தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. பெட்டையைப் பறக்கவிட வேண்டும். அது தரைக்கு வந்தால் கூண்டைப் பிரித்துவிடுவது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், வரட்டும் என்றே மனதில் ஒரு மூலை ஆசைப்பட்டது. எனக்கு அவ்வளவு அலுத்துவிட்டது. காலையில் எழுந்து எச்சம் சுரண்டாமல் ஒரு காபி குடித்து எத்தனை காலம் ஆகிறது!

கூண்டிலேயே கிடந்து கொழுத்த உடம்பு இளைக்க வேண்டுமே என்று சில வாரம் வெறும் கம்பு மட்டும் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மச்சான் வந்ததும், அதை எடுத்து மற்றவற்றோடு விட்டேன். மனைவி ஆராதனைக்குக் கிளம்பி, கையில் பைபிளோடு, எங்களைச் சீக்கிரம் கிளம்பச் சொல்ல மாடிக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பெட்டை முதலில் தடுமாறியது. கூட்டத்துக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவது கீழிருந்தே தெரிந்தது. இரண்டு வட்டம், மூன்று வட்டம், ஒன்றுமில்லை. பிறகு இறக்கையைத் தூக்கியது. உருண்டது. அதே நூல் உருண்டை. தொட்டிக்கு வெகு மேலே டக்கென்று நின்று, இறக்கையை விரித்து, ஒன்றுமே நடக்காதது போல மேலே ஏறிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் அடித்தது. அதுவும் அப்படியே நின்றது.

"மாமா, பெட்ட சுத்தம்," என்றான் மச்சான். அவன் குரல் இறங்கியிருந்தது.

தாயும் சுத்தம், தகப்பனும் சுத்தம். இரண்டு ஆழத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பிள்ளைகளுக்கு நிறுத்த முடியாமல் செய்தது நாங்கள்தான். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. கூடவே, கூண்டைக் கலைக்க இருந்த ஒரே சாக்கும் கையை விட்டுப் போனது புரிந்தது. இனி ஜோடியைப் பிரிக்க வேண்டும். அடக்கமாக உருளுகிற துணையாகத் தேட வேண்டும். குஞ்சு எடுத்து, பறக்கவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

இறங்கிய பெட்டை பறக்கும் கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே நடந்து ஜோடிக் கூண்டின் கதவருகே போய் நின்றது. உள்ளேயிருந்து சிவப்புச் சேவல் கழுத்தை உப்பிக்கொண்டு கூப்பிட்டது. நான் பெட்டையைத் தூக்கிப் பறக்கும் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினேன். சேவல் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

"நாளிக்கும் அடிக்குமாங்க?" என்று கேட்டாள் மனைவி. கலைத்துவிடச் சொன்னவள்தான்.

"அடிக்கும்," என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். இறங்குவதற்கு முன்னால் முழங்காலைக் கொஞ்சம் பிடித்துவிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.