திரையைக் கண்டதும் எழுந்தவர்

தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன வைத்தியசாலையில், வெயில் ஏறவேண்டிய நேரத்திலும் மூடுபனி வார்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பனிக்குள், வெளியூர் டாக்டர்களோடு பேசும் வீடியோத் திரையைப் போட்டால் வேறு ஊர்கள் தெரியும். அன்று பதுளைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் சன்னலுக்கு வெளியே மழை. கிளினிக்குக்காக மொனராகலை போயிருந்த இருதய நிபுணரின் முதுகுக்குப் பின்னால் சுள்ளென்று வெயில். தாதியாக இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது கனவு மாதிரிதான் இருக்கிறது.

கட்டிலில் இருந்தவர் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பெரியவர். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து தேநீர் குடிக்க வீட்டுக்கு வந்த மனைவி, அவர் வியர்த்துக் கிடந்த கோலத்தைப் பார்த்துக் கூட்டி வந்திருந்தார். ஈ.சி.ஜி. படத்தை இரண்டு டாக்டர்களுக்கும் அனுப்பினேன். இருதயக் குழாயில் அடைப்பு என்றார் நிபுணர். கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போடலாம். ஆனால் வலி தொடங்கி நெடுநேரம் ஆகியிருந்தால் பயனில்லை, ஆபத்தும் உண்டு. எப்போது தொடங்கியது என்று பெரியவர்தான் சொல்ல வேண்டும்.

மனுஷன் என்ன செய்தார்? திரையில் பெரிய டாக்டர்களைக் கண்டதும் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு எழுந்து நின்று கும்பிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிடித்துப் படுக்க வைத்தேன். எத்தனை முறை கேட்டும் அதே பதில்தான்.

டாக்டரம்மாவும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்.

"அக்கா, எங்க அப்பாவும் இப்படிச் சொல்லிச் சொல்லியே போயிட்டாரு," என்றார். "நாங்க மறைஞ்சுக்கிறோம். நீங்க கேளுங்க."

இரண்டு முகங்களும் மறைந்து திரை கறுத்தது. மழையும் வெயிலும் போய் எங்கள் பனி மட்டும் மிஞ்சியது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலையில் ரொட்டி சாப்பிட்டாரா என்று ஆரம்பித்தேன். சாப்பிட்டாராம். வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில்தான் மாடு ஏறி மிதித்ததுபோல் நெஞ்சு வலித்ததாம். ஒருவரிடமும் சொல்லாமல் லயத்துக்குத் திரும்பிப் படுத்துவிட்டாராம்.

நேரம் இருக்கிறது, போடுங்கள் என்றது கறுத்த திரையிலிருந்து நிபுணரின் குரல். பெரியவர் மறுபடியும் கைகூப்பினார். நல்லவேளை, இந்த முறை படுத்தபடியே.

சாயங்காலம் டாக்டரம்மா பதுளையிலிருந்து அழைத்தார். ஊசி போட்டு நான் அனுப்பிய பெரியவர் ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்துவிட்டாராம், நாடியும் நன்றாக இருக்கிறதாம்.

"என்னைக் கண்டதும் எந்திரிக்கப் பார்த்தாருக்கா. நான் முந்திக்கிட்டு அவரு பக்கத்துல உட்கார்ந்துட்டேன். அப்புறம்தான், இன்னும் கொஞ்சம் வலிக்குதும்மான்னு சொன்னாரு."

அதைச் சொல்லும்போது டாக்டரம்மா அழுதுகொண்டிருந்தார்.