கார்குழலி வாளியில் முக்கிப் பார்த்த ஃபோன்

காத்திவாக்கம் மீனவக் குப்பத்துக்காரர்கள் மிக்ஸி வாங்குவதானால்கூட, கடைக்குப் போகும் முன் கார்குழலி வீட்டுக்குப் போவார்கள். நாற்பத்து மூன்று வயது. எண்ணூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை. பெட்டியில் அச்சடித்திருக்கும் எதையும் நம்பமாட்டாள். சொந்தமாக வாங்கியோ இரவல் கேட்டோ உபயோகித்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். உப்புக் காற்றும் அனல்மின் நிலையச் சாம்பலும் எந்தப் பொருளை எத்தனை மாதத்தில் தின்று முடிக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"அந்த ஃப்ரிட்ஜா? ரெண்டாவது வருஷம் பின்னாடித் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கும். வோணாம்."

"ஸ்பீக்கரா? பொறந்த நாளுக்குப் போதும். சாவு வூட்டுக்குப் பத்தாது."

நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் வந்தபோது அதை ஒரு கருவாட்டின் மேல் கட்டிப் பார்த்தாள். "எழுவத்திரெண்டுன்னு காட்டுது. கருவாடு நல்லா கீதாம்." குப்பமே சிரித்தது. யாரும் அந்தக் கடிகாரத்தை வாங்கவில்லை.

போன வருடம் அவளே ஒரு புது ஃபோன் வாங்கினாள். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று பெட்டியில் போட்டிருந்தது. அதையும் நம்பவில்லை. லாரித் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், நிரம்பிய வாளியில் ஃபோனைப் போட்டாள். அரை மணி கழித்து எடுத்துத் துடைத்து, எதிர்வீட்டு அடைக்கலமேரியை அழைக்கச் சொன்னாள். மணி அடித்தது.

"சொன்னா மாதிரிதான் கீது. வாங்கலாம்," என்றாள் கார்குழலி.

அடைக்கலமேரியின் கணவர் சிலுவைமுத்து தனியாக ஃபைபர் படகில் நண்டு வலைக்குப் போகிறவர். அங்கே கடலுக்குப் போகும் எல்லோரையும் போல அவரும் ஃபோனை இரண்டு பாலிதீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு இடுப்பில் செருகிக்கொள்வார்.

"நான் கூப்ட்டா, அந்தாளு ரப்பர் பேண்ட அவுக்கறதுக்குள்ள கட் பண்ணிட்றேன்," என்றாள் அடைக்கலமேரி. "அப்புறம் வூட்டுக்கு வந்து, ஏன் கட் பண்ணேன்னு ஒரு சண்ட. இத்த வாங்கிட்டா கவர் வோணாம்ல, குழலி?"

"வோணாங்க்கா. நான்தான் பாத்துட்டேனே."

அந்த மாதமே சிலுவைமுத்து அந்த ஃபோனை வாங்கினார். கவரைத் தூக்கிப் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் ஏழு பேர் வாங்கினார்கள்.

மூன்றாவது வாரம், விடியற்காலை நாலு மணிக்குச் சிலுவைமுத்து படகு இறக்கினார். ஏழு மணிக்கு அடைக்கலமேரி அழைத்தபோது ஃபோன் அணைந்திருந்தது. எட்டு மணிக்குக் கரை திரும்பிய இன்னொரு படகுக்காரர் லோகநாதன், சிலுவைமுத்து எஞ்சின் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். "எஞ்சின் கிளம்பலன்னா ஃபோன் பண்ணுவான்னு வந்துட்டேன்," என்று பிறகு சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. மதியம் காற்று மாறிக் கடல் கொந்தளித்தது. மூன்றாம் நாள் பழவேற்காடு பக்கம் உடல் ஒதுங்கியது.

கடலில் ஒருவர் போனால் அந்தக் குப்பத்தில் ஒரு வாரம் படகு இறங்காது. அந்த ஒரு வாரத்தில் கார்குழலி, முதலிலேயே செய்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்தாள். கடலிலிருந்து ஒரு வாளி தண்ணீர் மொண்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தன் ஃபோனை அரை மணி அதில் போட்டாள். எடுத்ததும் வேலை செய்தது. மறுநாளும் போட்டாள். மூன்றாம் நாள் சார்ஜ் ஏறவில்லை. சாயங்காலம் திரை இருண்டது.

திருவொற்றியூரில் ஃபோன் ரிப்பேர் செய்யும் தௌசீஃப் அதைத் திறந்து பார்த்தார். சார்ஜ் போடும் துளைக்குள் பச்சையாகப் பூத்திருந்தது.

"உப்புக்கா. நல்ல தண்ணின்னா தாங்கும், கடல் தண்ணிக்கு இல்ல. பாக்ஸ்லயே பொடி எழுத்துல போட்டுக்கீறானே, பாக்கலியா?"

அவள் பார்க்கவில்லை. பெட்டியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பது அவள் வழக்கமில்லை.

மறுநாள் விடியற்காலை படகுகள் இறங்க இருந்தன. ஏழு பேர் இடுப்பில் அதே ஃபோன், கவர் இல்லாமல். சொன்னால், சிலுவைமுத்து எதனால் கூப்பிடவில்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தவள், தன் வீட்டைத் திறக்காமல் நேரே எதிர்வீட்டுக்குப் போனாள்.

அடைக்கலமேரி கணவரின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். கார்குழலி உட்காரவில்லை.

"அக்கா, நான் அன்னிக்கி முக்கிப் பாத்தது லாரித் தண்ணில. கடல் தண்ணில முக்கல. இப்ப முக்கிப் பாத்தேன். ஃபோன் செத்துப்போச்சு."

அடைக்கலமேரி வத்தியை நேராக நிறுத்தினாள். அது சாய்ந்தது. மறுபடி நிறுத்தினாள்.

"மத்தவங்களாண்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. மொதல்ல உங்கிட்ட சொல்லணும்னு..."

"எங்கிட்ட எதுக்கு மொதல்ல? என் வூட்டுக்காரரு போயிட்டாரு. அவங்க காலைல கடலுக்குப் போறாங்க." அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. "போ."

கார்குழலி வீடு வீடாகப் போனாள். லோகநாதன் எழுந்துபோய்ச் சமையலறையில் பாலிதீன் கவர் தேடினார். ஒரு வீட்டில், "உன்ன நம்பித்தானே வாங்கினோம்," என்று கத்தினார்கள். இன்னொரு வீட்டில் கேட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். எல்லா வீட்டிலும் அவள் சொன்னது ஒன்றுதான். "நான் சொன்னது தப்பு. கவர் போடுங்க."

ஐந்தாவது வீட்டுக்காரி வேம்பு வாசலுக்கு வந்து கேட்டாள். "அப்போ சிலுவண்ணன் போனது உன்னாலயா?"



"ஆமா," என்றாள் கார்குழலி.

இன்னும் இரண்டு வீடு இருந்தது.