ஔ இருக்க வேண்டிய இடத்தில் எழில்மதி

முதல் போன் வந்தபோது எழில்மதி ஒரு மஞ்சள் நீராட்டு விழா பேனருக்குத் தாய்மாமன் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் பதினாலு தாய்மாமன்கள். ஒருவர் விட்டுப்போனாலும் மண்டபத்தில் நாற்காலி பறக்கும் என்பதால், அந்த நேரத்தில் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"எழில்மதி வை மகளிர் குழுங்களா?"

"எழில்மதிதான் பேசறேன். அது இன்னா வை?"

"சாமை அரிசி அஞ்சு கிலோ வேணுங்க."

ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். மதியத்துக்குள் இன்னும் நாலு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் தினை கேட்டார், ஒருவர் தேன் கேட்டார். கடைசி ஆள், "பேரு, நம்பரு எல்லாம் பேனர்ல போட்டுக்கினு இப்ப இல்லன்னா எப்படிம்மா? இன்னா யாவாரம் பண்றீங்க?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

பக்கத்துக் கடையிலிருந்து இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். பெயர் கலையரசி. கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் பன்னிரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். பி.எட். படிக்கிற பிள்ளைகள் கைடு ஒன்றை வாங்கி, முப்பது பேருக்கு முப்பது பிரதி என்னிடம் போட்டுக்கொள்வார்கள். எழுதியவர் பேர் போட்ட முதல் பக்கத்தை மட்டும் விட்டுவிடுவேன். அது பரீட்சைக்கு வராது, ஒரு தாள் மிச்சம். இதை நான் கல்விச் சேவை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழில்மதிக்குச் சொந்த ஊர் மணலூர்பேட்டை. அப்பா குத்தகைக்குக் கரும்பு போட்டவர். இவள் டைப்ரைட்டிங் படித்து, கள்ளக்குறிச்சிக்கு வந்து, ஒரு அச்சகத்தில் ஆபரேட்டராக இருந்து, பிறகு சொந்தமாக டிடிபி சென்டர் வைத்தாள். நல்ல பெண். வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அவள் கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள் எல்லாமே கள்ளப் பிரதி. அதை ஏற்றிக் கொடுத்தவன் சரத்குமார். மந்தைவெளிப் பக்கம் பேனர் கடை வைத்திருக்கிறான். ஒரு பென்டிரைவோடு வருவான், டீ குடிப்பான், அரை மணி நேரத்தில் கம்பெனிக்காரன் லட்ச ரூபாய் சொல்கிற சரக்கை இறக்கிவிட்டுப் போவான். 'ஊர் பேரே கள்ளக்குறிச்சி, நல்ல சாஃப்ட்வேருக்கு எங்கக்கா போறது?' என்று அவனே சொல்லி அவனே சிரிப்பான். நாங்களும் சிரித்திருக்கிறோம்.

எழில்மதிக்கு ஒரு தீராத குறை இருந்தது. எந்த எழுத்துருவை எடுத்தாலும் அதில் வருகிற 'ழ' அவளுக்குப் பிடிக்காது. "கால் ஒடஞ்ச மாதிரி நிக்குது பாருக்கா" என்பாள். அவள் பெயரிலேயே ழ இருக்கிறதல்லவா, அந்த வயிற்றெரிச்சல். கடைசியில் தானே ஒரு எழுத்துரு செய்யக் கிளம்பிவிட்டாள். பிரஷ் பேனாவால் ஒவ்வொரு எழுத்தாகத் தாளில் எழுதுவாள். என் மிஷினில்தான் ஸ்கேன் செய்வாள். ழ மட்டும் நாற்பத்தொரு தடவை எழுதினாள், நான் எண்ணினேன். எட்டு மாதம் ஆனது. அந்த ழ வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கிற அழகைப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அதை அவளிடம் சொல்லவில்லை, தலைக்கு மேல் ஏறிக்கொள்வாள் என்று.

ஒரே ஒரு எழுத்தை மட்டும் அவள் எழுதவே இல்லை. ஔ.

"அதை எவன்கா அடிக்கறான்? எல்லாரும் ஒ போட்டு பக்கத்துல ள போட்டு ஒப்பேத்திக்கினு கெடக்கறானுங்க." அந்த இடம் காலியாக இருக்க வேண்டாம் என்று, இரண்டு வரியில் பொடி எழுத்தில் தன் பெயரையும் செல் நம்பரையும் அங்கே வைத்துவிட்டாள். சும்மா ஒரு விளையாட்டு. பிறகு அதை அவளே மறந்துபோனாள்.

சாமை கேட்ட ஆளிடமே பேனரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். வெள்ளிமலை பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த பேனர். 'ஔவை மகளிர் குழு' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஔ இல்லை. இரண்டடி உயரத்தில் 'எழில்மதி', அதற்குக் கீழே பத்து எண்கள், அதை ஒட்டி 'வை மகளிர் குழு'. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கலைக்கா, இது என் எழுத்து. நான் யாருக்கும் குடுக்கலியே."

மறுநாள் அந்தக் குழுவின் தலைவி செல்லியம்மாளே மலையிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் சாமைப் பொட்டலம், பொட்டலத்தின் லேபிளிலும் எழில்மதி. "யாரும்மா நீ, எங்க குழு பேர்ல குந்திக்கினு இருக்க?" என்று கேட்டார். பேனரும் லேபிளும் எங்கே போட்டீர்கள் என்று எழில்மதி கேட்டாள். சரத்குமார் கடையில்.

விஷயம் விளங்கிவிட்டது. கடைசியாக மென்பொருள் ஏற்ற வந்தபோது, கொண்டுவந்த அதே பென்டிரைவில் இவள் எழுத்துருவை அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அதற்கு 'சரத் 27' என்று பெயர் வைத்து, எங்கள் ஊர் டிடிபிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'எனது சொந்தப் படைப்பு' என்று விற்றுக்கொண்டிருக்கிறான். எழில்மதியும் அந்தக் குழுவில் இருக்கிறாள், திறந்துதான் பார்ப்பதில்லை. பயல் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை 'ஔ'வை இலக்கணப்படி அடித்தான், அதிலேயே மாட்டிக்கொண்டான். திரையில் ஏதோ பூ டிசைன் மாதிரி தெரிந்ததாம்.

எழில்மதி அவன் கடைக்குப் போனாள். சண்டை பார்க்க நானும் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

"என் எழுத்தை நீ எப்படிடா விப்ப? என் பேரைத் தூக்கிட்டு உன் பேரு எப்படிடா போடுவ?"

சரத்குமார் முதலில் மழுப்பினான். பிறகு நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு நிதானமாகக் கேட்டான்.

"யக்கா, பத்து வருஷமா உனக்கு சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தேன். அதை எவன் செஞ்சான், அவன் பேரு இன்னான்னு ஒரு நாள் கேட்டியா? உன்னுதுன்னா மட்டும் வலிக்குதா?"

எழில்மதி படியிறங்கி நடந்தாள்.

எங்களுக்குத் தெரிந்த வக்கீல் செழியனிடம் போனோம். அவர் கேட்டுவிட்டு, "கேஸ் போடலாம்மா. ஆனா அவங்க தரப்புல மொதல் கேள்வியே, எந்த சாஃப்ட்வேர்ல செஞ்சீங்க, பில்லைக் காட்டுங்கன்னுதான் வரும்" என்றார். எழில்மதி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஒரு வாரம் இப்படியே போனது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் எழுத்து போய்விடும். வாயைத் திறந்தால் தானும் திருடி என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இதுதான் அவள் மனதை அறுத்தது. "வுட்டுத் தள்ளுடி, ஒரு எழுத்துதானே" என்று சொல்லிப் பார்த்தேன். "உன் கடைப் போர்டுல என் பேரை எழுதிக்கட்டுமா, வுட்டுத் தள்ளுவியா?" என்று திருப்பிக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை காலையில் அந்த வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பேசுவதை நேராகவே கேட்டேன்.

"நான் எழில்மதி பேசறேங்க. பத்து வருஷமா திருட்டு சாஃப்ட்வேர்லதான் நான் பொழைச்சேன். அது தப்பு. இன்னிக்கி எல்லாத்தையும் அழிச்சிட்டேன். சரத் 27ன்னு நீங்க வாங்கின எழுத்து என்னுது. நம்பலன்னா அதுல ஔ அடிச்சிப் பாருங்க. எனக்கு துட்டு வேணாம், கேஸும் வேணாம். என் எழுத்துக்கு என் பேரு வேணும். அவ்ளோதான்."

நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குழு. காலை வணக்கத்துக்கு நூறு பூ வருகிற இடம். அன்றைக்கு ஒரு பூ கூட வரவில்லை. எவன் வாயைத் திறப்பான்? எல்லார் கம்ப்யூட்டரிலும் அதே சரத்குமாரின் பென்டிரைவ்தான் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் எல்லாரும் ஔ அடித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. சாயந்திரம் வரை எழில்மதி போனுக்கு மிஸ்டு கால் வந்துகொண்டே இருந்தது.

அழித்தது நிஜம்தான். கல்யாணப் பத்திரிகை சீசனில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள். காசில்லாமலே, நேர்மையாகவே கிடைக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன என்று அப்போதுதான் தேடிக் கண்டுபிடித்தாள். அதோடு வந்த உரிமக் குறிப்பை அகராதியை வைத்துக்கொண்டு படித்துவிட்டு, தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"யக்கா, இவங்க சும்மா குடுக்கறாங்க. யாருக்கு வேணா குடுத்துக்கோ, எங்க பேரை மட்டும் எடுக்காதன்றாங்க. நானும் இதத்தானே கேட்டேன்?"

திருட்டு சாஃப்ட்வேரில் செய்ததை விட்டுவிட்டு, பழைய தாள்களை எடுத்து எழுத்துருவை மறுபடி முதலிலிருந்து வரைந்தாள். அதுவரைக்கும் சாமை கேட்டு வந்த போன்களையும் விடவில்லை. எல்லா ஆர்டரையும் ஒரு தாளில் குறித்துச் செல்லியம்மாளுக்குச் சொல்லிவிடுவாள். "நீ டிடிபி சென்டரா, சாமை மண்டியா?" என்று நான் கேட்டால் முறைப்பாள்.

இரண்டாவது மாதத்தில் சரத்குமார் வந்தான். நேராக உள்ளே போகவில்லை, என் கடையில் நின்று தேவையில்லாமல் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்தான். பிறகு தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "யக்கா, குரூப்ல மாத்திட்டேன், பாத்தியா?" என்றான். பார்த்தோம். 'சரத் 27' போய் 'எழில்' என்று இருந்தது. கீழே 'உருவாக்கியவர்: எழில்மதி, மணலூர்பேட்டை' என்று போட்டிருந்தான். மன்னிப்பெல்லாம் அவன் கேட்கவில்லை. ஊர்ப்பெயரைக்கூடச் சரியாகப் போட்டிருந்தானே, அதுவே எங்களுக்குப் பெரிசாக இருந்தது.

"டீ சாப்புட்டுப் போடா" என்றாள் எழில்மதி. "பென்டிரைவை இங்க வெளியவே வெச்சிட்டு உள்ள வா."

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கைடு ஜெராக்ஸை நான் இன்னும் முழுசாக விட்டபாடில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது எழுதியவர் பேர் இருக்கிற அந்த முதல் பக்கத்தையும் சேர்த்தே போடுகிறேன். அதைப் போடும்போதெல்லாம் கை கூசுகிறது. அதனால் கைடு வேலை வரவரக் கம்மியாகிக்கொண்டிருக்கிறது.

புதிய எழுத்துருவில் எழில்மதி கடைசியாக வரைந்தது ஔ. அதில் அச்சான முதல் லேபிள் வெள்ளிமலைக்குத்தான். செல்லியம்மாள் வாங்கிக்கொள்ள வந்தார். பெரிய எழுத்தில் 'ஔவை மகளிர் குழு', ஔ நன்றாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. லேபிளின் ஓரத்தில் ஒரு பொடி வரி. செல்லியம்மாள் அதில் விரலை வைத்தார்.

"இது இன்னாம்மா?"

"எழுத்து: எழில்மதின்னு போட்டிருக்கும்மா. என் பேரு."

"பேரு சரி. நம்பரு எங்க? அதைப் பாத்துதானே இத்தினி ஆர்டர் வந்திச்சி?"

எழில்மதி மவுஸைக் கையில் எடுத்தாள்.

"உங்க நம்பரைச் சொல்லுங்கம்மா, போட்டுடறேன். சாமை உங்களுது. எழுத்து மட்டுந்தான் என்னுது."